சொல்லக்கூடாத தெரு

பசை இப்போது எங்கள் அலுவலகத்தில் இல்லை. அவள் மேஜைக்கு வேறொரு பெண் வந்திருக்கிறாள். நல்ல பெண்தான், ஆனால் ஒரு வீட்டைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு வந்து நிற்கிறாள். ஒரு வீட்டின் வறுமையைப் பன்னிரண்டு நிமிடத்தில் கேட்டு எழுதிவிட முடியும் என்றால் நான் என் பெயரை மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

பசைக்கு ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். உள்ளே நுழைந்தாளானால் கடைசிக் கேள்வியான அறுபத்திரண்டாவதற்குப் பதில் வாங்காமல் எழுந்திருக்க மாட்டாள். முகத்தில் அறைகிற மாதிரி கதவைச் சாத்தினவர்களே மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள். அந்தப் பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. "பேருலதான் பசை, பர்ஸு காஞ்சு கிடக்கு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவளை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. அவளே போனாள். ஏன் போனாள் என்று கேட்கிறவர்களிடம் நான் இத்தனை நாளாக மழுப்பிக்கொண்டிருந்தேன். காரணம், அவள் கடைசியாகக் கேள்வி கேட்ட வீடு.

எங்களுடையது பொருளாதார ஆராய்ச்சி நிறுவனம். ஏழைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறோம்; ஏழைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறோம். பசை மாதிரியானவர்கள் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் பதிலை எழுதி வருவார்கள். என் வேலை அவர்களைச் சோதிப்பது. பத்து வீட்டுக்கு ஒரு வீடு நான் போய் அதே கேள்விகளை மறுபடியும் கேட்பேன். சில நாள் அவர்களோடு கூடவே போய்ப் பின்னால் நிற்பேன். எழுத்து மாறாமல் கேள்வியை வாசிக்க வேண்டும், பதிலுக்காகப் பத்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டும், ஆலோசனை சொல்லக்கூடாது, அனுதாபப்பட்டு உச்சுக்கொட்டக்கூடாது. டீக்கடையில் உட்கார்ந்து தானே பதில் எழுதிக் கொண்டுவந்த பத்தொன்பது பேரைப் பதினோரு வருடத்தில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். என்னைக் கண்டாலே பாதிப் பேர் தாளை எடுத்து மறுபடி சரிபார்ப்பார்கள். பசையிடம் மட்டும் ஒரு தப்பும் பிடிக்க முடிந்ததில்லை. உண்மையைச் சொன்னால் அதனாலேயே அவள்மேல் எனக்கு ஒரு கடுப்பு இருந்தது.

இங்கே வருவதற்கு முன் அவள் கூரியர் கம்பெனியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதற்கும் முன்னால் நான்கு வருடம் வேலை ஒன்றுமில்லை. கணவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான்; கையில் இரண்டு பெண் பிள்ளைகள். அரசாங்கத்தின் உதவி அட்டை வாங்க எல்லாத் தகுதியும் இருந்தது. ஆனால் வாங்கவில்லை. ஏனென்றால், அட்டை அலுவலகத்தின் வரிசை, நடைபாதை ஓரமாக, அவள் மகள் படித்த பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே நிற்கும்.

"எம்பொண்ணு வகுப்பு ஜன்னல்லேருந்து பாத்துருவா அக்கா. கூட நாலு புள்ளைங்க பாக்கும். அதுக்கு ஒரு வேளை பட்டினி கிடந்துட்டுப் போயிரலாம்னு தோணுச்சு."

இதை அவள் வேலைக்குச் சேர வந்த அன்றே சொன்னாள். எங்கள் பேராசிரியர் குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் அது இருபத்தேழாவது கேள்வியாகிவிட்டது: 'விண்ணப்பிக்கும் இடம் உங்களுக்குத் தெரிந்தவர்கள் பார்க்கும்படி அமைந்திருக்கிறதா?' பசை தன் அவமானத்தைத் தானே வீட்டுக்கு வீடு வாசித்துவிட்டுப் பத்து எண்ணிக்கொண்டு நிற்பாள். குரல் ஒரு நாளும் பிசகியதில்லை.

நான் சொல்லப்போகிற ஆய்வும் அதைப் பற்றியதுதான். உதவி அட்டை இருந்தால் மாதாமாதம் கொஞ்சம் பணம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அதே அட்டையைக் காட்டினால் மனநல வைத்தியமும் மாத்திரையும் காசில்லாமல் கிடைக்கும் என்பது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தகுதி இருக்கிறவர்களில் பாதிப் பேர் எழுதியே போடுவதில்லை. வீட்டுக்கே ஓர் ஆள் போய் விவரம் சொல்லி, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தால் நிலைமை மாறுமா? இதுதான் பேராசிரியரின் கேள்வி. நாற்பது தெருக்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தாயிற்று. பச்சைக் கோப்பில் விழுந்த இருபது தெருக்களுக்கு உதவியாளர் போவார். மஞ்சள் கோப்பில் விழுந்த இருபது தெருக்களில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கேள்வி மட்டும் கேட்போம். அட்டையைப் பற்றித் தாளில் உள்ள கேள்விக்கு மேல் வாய் திறக்கக்கூடாது. ஒரு வருடம் கழித்து அவர்களுக்கும் ஆள் போகும்.

மஞ்சள் தெருவிலும் சொல்லிவிட்டால், மாற்றம் நாம் போனதால் வந்ததா தானாக வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. நிரூபிக்க முடியாவிட்டால் எந்த அரசாங்கமும் நாடு முழுக்க ஆள் போடாது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான்தான் இதைச் சொல்லிக் கொடுப்பேன். நியாயமான பேச்சு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதுதான் கொடுமை.

பசைக்கு மஞ்சள் கோப்பு வந்தது.

அந்தத் தெருவில் லிப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு லிப்ட் மெக்கானிக் குடியிருந்தார். முன்னறை, உள்ளறை, இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. மனைவி சலவை நிலையத்தில் ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். கையெல்லாம் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள். அவருக்கு வேலை போய் ஒன்பது மாதம். வேலை முதலில் போனதா, தூக்கம் முதலில் போனதா என்று அவளுக்கே தெரியவில்லை. முதலில் வெளியே போவது நின்றது. பிறகு உள்ளறையை விட்டு வருவதும் நின்றது. அட்டைக்கு எழுதிப் போடலாம் என்றால், குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். "பிச்சைக்காசு வாங்கவா நான் இருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். மனநல டாக்டரிடம் காட்டலாம் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் விசாரித்ததில், ஒரு தடவைக்கு அவளுடைய பத்து நாள் கூலி கேட்டார்கள்.

இதையெல்லாம் அவள் முதல் சுற்றிலேயே பசையிடம் சொல்லிவிட்டாள். ஆனால் எங்கள் தாளில் இதற்கு இடம் இல்லை. நாற்பதாவது கேள்வியிலிருந்து மனநிலை பற்றியவை; அவற்றுக்குச் சம்பந்தப்பட்டவரே பதில் சொல்ல வேண்டும், இன்னொருவர் சொன்னால் செல்லாது. எனவே பசை 97 என்று எழுதிவிட்டு வந்தாள். 97 என்றால் 'நபர் கிடைக்கவில்லை'. பதில் மோசமாக இருந்தால் கொடுப்பதற்கென்று, மனநல உதவிக்குப் போன் செய்யும் எண் எழுதிய சீட்டு வைத்திருக்கிறோம். பதிலே இல்லாதவருக்குச் சீட்டும் இல்லை.

இரண்டாவது சுற்றுக்கு நானும் கூடப் போனேன். மறுபடியும் மனைவிதான் பதில் சொன்னாள், மறுபடியும் 97. வெளியே நடைவழியில் வந்ததும் பசை நின்றுவிட்டாள்.

"அக்கா, நான் சொல்லிரப் போறேன்."

"என்னத்தச் சொல்லப் போறே?"

"அட்டை வாங்கினா அவருக்கு வைத்தியம் சும்மா கிடைக்கும்னு. ஒரே ஒரு வார்த்தை. அதைக் கேட்டா கையெழுத்துப் போட்டுருவாரு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அடியேய், நீ என்ன கேள்வி கேக்க வந்தியா, ஊருக்கு உபகாரம் பண்ண வந்தியா? இந்தத் தெருவுல அட்டையப் பத்தி மூச்சு விடக்கூடாது. வைத்தியம் இலவசம்னு ஒரு வார்த்தை உன் வாயிலேருந்து வந்துச்சு, அன்னையோட உன் வேலை போச்சு, சொல்லிட்டேன்! இங்க சொன்னா இருபது தெருக் கணக்கும் குட்டிச்சுவரு."

"அவரு உள்ள இருக்காரு அக்கா."

"இன்னும் ஒன்பது மாசம்தானே? அப்புறம் ஆளே வந்து சொல்லப்போறாங்க."

அவள் என்னையே பார்த்தாள். "சரிங்க மேடம்" என்றாள். சாதாரணமாக நான் அவளுக்கு அக்கா. கோபம் வந்தால்தான் மேடம். இரண்டு பெண்களும் கல்லூரியில் படிக்கிறார்கள், அவளுக்கு அந்தச் சம்பளம் வேண்டும்.

மூன்று மாதம் கழித்து, மூன்றாவது சுற்று. காலை பதினொரு மணி இருக்கும். நாங்கள் இரண்டாவது மாடி திரும்புவதற்குள் அந்த மனைவி தடதடவென்று இறங்கி வந்தாள். காலில் செருப்பில்லை.

"மூணு நாளா சாப்பிடல. நேத்து சாயங்காலத்துலேருந்து உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு. காலையில ரெண்டு தடவை இருமினாரு. அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்லங்க."

பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு, "போலீஸுக்குச் சொல்லுங்கன்னா கேக்க மாட்டேங்கறாங்க" என்றார்.

"போலீஸ் வந்தா தெருவே கூடிரும். அதைப் பாத்தாருன்னா அப்புறம் அவரு இருக்க மாட்டாருங்க" என்று அவள் அழுதாள்.

நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள். வீட்டுக்குள் போய் உள்ளறைக் கதவைத் தட்டினேன். "ஐயா, கதவைத் திறங்க, ஐயா!" மனைவி கெஞ்சினாள். பக்கத்து வீட்டுக்காரர், "மச்சான், நான்தான்டா, வெளிய வாடா" என்றார். கதவைத் தோளால் இடிக்கலாமா என்றும் கேட்டார். "இடிச்சா உள்ள பயந்துபோய் என்ன பண்ணுவாரோ" என்று மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பசை எங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கதவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வணக்கம். நாங்கள் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வருகிறோம். இந்த ஆய்வில் பங்குபெறுவது உங்கள் விருப்பம். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு" என்று வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

உனக்கென்ன பைத்தியமா என்று நாக்கு நுனி வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டேன்.

"ஒன்று. இந்த வீட்டில் மொத்தம் எத்தனை பேர் வசிக்கிறீர்கள்?"

அவள் உதடு அசையாமல் பத்து எண்ணுவது எனக்குத் தெரிந்தது. பதில் இல்லை. தாளில் ஒரு கோடு போட்டாள். இரண்டாவது கேள்வி, மறுபடியும் பத்து. மூன்றாவது, நான்காவது. எனக்கு உயிரே போய்விடும் போலிருந்தது. அவள் குரலில் கெஞ்சல் இல்லை, அவசரம் இல்லை. ஆயிரம் வீட்டில் வாசித்த அதே குரல்.

"ஒன்பது. இந்த வீட்டில் சம்பாதிப்பவர்கள் எத்தனை பேர்?"

ஏழோ எட்டோ எண்ணியிருப்பாள்.

"ஒருத்தர்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். தொண்டை காய்ந்த குரல். "அது நான் இல்ல."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். பசை தலையை நிமிர்த்தவில்லை. ஒன்று என்று எழுதினாள். "பத்து. அவர் வாரத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போகிறார்?"

"ஆறு. சில வாரம் ஏழு."

அப்புறம் பதில் வந்துகொண்டே இருந்தது. யாரும் அவரைச் சாப்பிடச் சொல்லவில்லை, வெளியே வரச் சொல்லவில்லை, பிள்ளை குட்டியை நினைத்துப் பார் என்று சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். நாற்பத்தொன்றாவது கேள்விக்கு வந்தாள்.

"கடந்த பதினான்கு நாட்களில் எத்தனை நாட்கள் சரியாகத் தூங்க முடியவில்லை?"

"பதினாலு."

"நாற்பத்தாறு. கடந்த பதினான்கு நாட்களில், இறந்துபோனால் தேவலை என்ற எண்ணம் எத்தனை நாட்கள் வந்தது?"

ஐந்து, ஆறு, ஏழு. நானும் எண்ணினேன். பத்து தாண்டியது. ஒரு கேள்வியை ஒரே ஒரு தடவை திருப்பி வாசிக்க விதி உண்டு. பசை திருப்பி வாசித்தாள்.

"எல்லா நாளும்னு போட்டுக்கங்க."

அவள் பதினான்கு என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். "இன்னிக்குமா அண்ணே?" என்றாள். அந்தக் கேள்வி தாளில் கிடையாது. பதினோரு வருடத்தில் வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் அங்கேயே குறித்திருப்பேன்.

பிறகு அவர் பேசினார். பதில் சொல்லவில்லை, கேட்டார்.

"போன தடவ ஒரு அம்மா வந்தாங்களே. நடையில நின்னு சத்தம் போட்டாங்க. வைத்தியம் இலவசம்னு சொல்லக்கூடாதுன்னு. என்னது அது? யாருக்கு?"

உள்ளறையின் சின்ன வெளிச்ச ஜன்னல் நடைவழியில், ஆள் எட்டாத உயரத்தில் இருக்கிறது. அன்றைக்கு நான் அதற்கு நேர் கீழே நின்று கத்தியிருக்கிறேன். மூன்று மாதம் இந்த மனிதர் அதை மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்! எனக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பசை எனக்காகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. "அந்த மேடம் இங்கதான் நிக்கறாங்க. அவங்களையே கேளுங்கண்ணே" என்றாள்.

நான் கதவுக்குப் பக்கத்தில் போய் மண்டியிட்டேன். "உங்களுக்குத்தாங்க" என்றேன். "உங்களுக்குத்தான் அது. உதவி அட்டைக்கு எழுதிப் போட்டா டாக்டர், மாத்திரை எல்லாம் காசில்லாம பாப்பாங்க. பிச்சை இல்லீங்க, சட்டம். விண்ணப்பத்துக்கு ஒரு நம்பர் போட்டுக் குடுத்தாப் போதும், அட்டை வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்னிக்கே பாப்பாங்க. தூக்கம் வராததுக்கு, இந்த எண்ணம் வருதே அதுக்கு, எல்லாத்துக்கும் மருந்து இருக்கு. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு. நீங்க கதவை மட்டும் திறங்க."

கேள்வி கேட்டே பழகின வாய், நிறுத்தத் தெரியாமல் சொன்னதையே மூன்று தடவை சொன்னது.

"நான் கையெழுத்துப் போடணுமா?" என்றார்.

"ஆமாங்க."

"பேனா இல்ல."

"எங்கிட்ட நாலு இருக்குண்ணே" என்றாள் பசை.

தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தாடியும் எலும்புமாக ஒரு மனிதர் நின்றார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தேன். மஞ்சள் தெருவுக்குள் அதைக் கொண்டுபோகவே கூடாது. பச்சைத் தெருவுக்கு வைத்திருந்த கட்டு தவறுதலாக என் பையிலேயே தங்கிவிட்டது. அவர் கையெழுத்துக்குக் கீழே சாட்சிக் கையெழுத்தை நானே போட்டேன். கீழே ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது அவர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் பசை ஓடிப்போய் அட்டைக்கான கவுண்டரில் விண்ணப்பத்தைக் கொடுத்து நம்பர் வாங்கி வந்தாள். அரை மணி நேரத்தில் அவரை மனநலப் பிரிவுக்கு உள்ளே அழைத்துக்கொண்டார்கள். நான் தாழ்வாரத்தின் கோடிக்குப் போய்ப் பேராசிரியருக்குப் போன் செய்தேன். பசை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, சொன்னது நான்தான் என்றேன்.

"அந்தத் தெருவைக் கணக்குலேருந்து எடுத்துர வேண்டியதுதான்" என்றார். அப்புறம், "அவர் எப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

"உள்ள டாக்டர் பேசிக்கிட்டிருக்காங்க மேடம்."

"சரி. நாளைக்கு வாங்க, பேசலாம்."

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு பக்கம் பசை, மறுபக்கம் அவர் மனைவி. ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்து, ஒரு மாதமாவது வைத்துப் பார்க்க வேண்டும், இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டமாகியிருக்கும், முன்பே கொண்டுவந்திருந்தால் இவ்வளவு முற்றியிருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். டாக்டரம்மா போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சலவையில எங்கூட வேலை பாக்கறவ ஒருத்தி. எங்களுக்கு அடுத்த தெரு. அவ தம்பிக்கும் இதே மாதிரிதான் இருந்துச்சு. இப்ப சரியாகி வேலைக்குப் போறான். அவங்க வீட்டுக்கு ஆறு மாசம் முன்னாடியே ஒரு ஆள் வந்து எல்லாம் எழுதிக் குடுத்தாங்களாம். மாசக் காசுக்குத்தான்னு நான் நெனச்சுக்கிட்டேன். இலவச வைத்தியம்னு நீங்க சொன்னதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. அது உங்க ஆளா?"

"ஆமா."

"அவங்களுக்குச் சொன்னீங்க. எங்களுக்கு ஏன் சொல்லல?"

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆய்வு, நிரூபணம், அரசாங்கம் என்று பதினோரு வருடமாக நான் பாடம் நடத்துகிற பதில் வரிசையாக வாய்க்கு வந்தது. அவள் கையிலிருந்த தழும்புகளைப் பார்த்ததும் அத்தனையையும் விட்டுவிட்டேன்.

"சீட்டுக் குலுக்கிப் போட்டோம்" என்றேன். "உங்க தெரு வரல."

"சீட்டா?" என்றாள். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "யாரு குலுக்கினாங்க?"

"அது ஆபீஸுல யாரோ..." என்று பசை முந்திக்கொண்டாள்.

"நான்தான்" என்றேன்.

மனைவி என் கையைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் எதிர்ப்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பசையும் எழுந்துபோய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.